ஓர் இம்மி குறைவு

'இம்மியும் கூடவோ குறையவோ கூடாது' என்று ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவில் எழுதியவள் நான்தான். எழுதி முடித்துப் பேனாவை மூடிவைத்தபோது, முப்பது வருட அரசு வேலையில் இதைவிட நல்ல வாக்கியம் எழுதியதில்லை என்று எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டேன். அந்த வாக்கியம் இரண்டாயிரத்து நூறு பேரைக் கொல்லப் பார்த்தது.

என் பெயர் மங்கையர்க்கரசி. வியாழனின் கலிஸ்டோ நிலவில், துறைமுக நிர்வாகத்தின் சமரச அலுவலராக இருந்தேன். சமரசம் என்றால் பெரிய விஷயமெல்லாம் இல்லை. யார் முதலில் விபூதி வாங்குவது, யார் வீட்டு வாசல் வழியாகச் சப்பரம் போவது, இதற்கெல்லாம் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கையெழுத்து வாங்குவது. பிறந்த மண்ணை விட்டு அறுபது கோடி கிலோமீட்டர் தள்ளி வந்தும் நம் ஆட்கள் இதை மட்டும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்திருந்தார்கள்.

அங்கே ஒரு பனிச்சுரங்கம். அதில் மேல்தளம், கீழ்தளம் என்று இரண்டு குடியிருப்புகள். காற்றுக்குழாய் முதலில் மேல்தளத்துக்கு வரும், மிச்சம் கீழ்தளத்துக்குப் போகும். சுரங்கத்துக்குள்ளேயே ஒரு கோயில், அதற்கு ஒரு சின்னத் தேர். தேர்வடத்தை மேல்தளத்தார் தொட்டு இழுத்துக் களைத்த பிறகுதான் கீழ்தளத்தார் தொடலாம். இதை எதிர்த்து நாற்பது வருடம் போராட்டம் நடந்தது. கடைசிப் பதினெட்டு வருடம் அதை நடத்தியவள் பேச்சித்தாய் என்ற கீழ்தளத்துப் பெண். பட்டினி கிடந்தாள், இரண்டு முறை சிறைக்குப் போனாள், ஒருவழியாக ஜெயித்தாள்.

ஜெயித்த மறுவருடமே பனி தீர்ந்துபோயிற்று. பூமிக்குத் திரும்பி வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை. ஒன்பது ஒளியாண்டுத் தொலைவில் ஒரு நட்சத்திரம், அதைச் சுற்றும் கோளில் தண்ணீர் இருக்கிறது, போய்ப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு கலங்களைக் கொடுத்தார்கள். பதினெட்டு வருடப் பயணம். ஒரு கலத்தின் எஞ்சின் வெப்பம் மற்றதைச் சுட்டுவிடாமலிருக்க இரண்டுக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியை ஆள் போய்வரக்கூடிய ஒரு நீளக் குழாய் இணைத்தது. தண்ணீர்த் தொட்டிகள் பின்கலத்தில், பயிர்ப்பாத்திகள் முன்கலத்தில். தண்ணீர் முன்னே போகும், சாப்பாடு பின்னே வரும். குழாய்க்குக் காகிதத்தில் என்னவோ பெயர் இருந்தது. சனங்கள் அதற்கு வைத்த பெயர் வடம்.

யாருக்கு எந்தக் கலம் என்று சீட்டுப் போட்டதில் முன்கலம் கீழ்தளத்தாருக்கு விழுந்தது. அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. முன்னால் போவது முதல் மரியாதை அல்லவா என்று மேல்தளத்தார் கொதித்தார்கள். தண்ணீர் அவர்கள் கையில் இருக்கிறது, பின்னாலிருந்து பிடித்து இழுத்து எங்களை அடக்கப் பார்ப்பார்கள் என்று கீழ்தளத்தார் சந்தேகப்பட்டார்கள். பதினோரு அமர்வு பேசினேன். கடைசியில் வந்ததுதான் அந்த ஏழாவது பிரிவு. துறைமுகக் கடிகாரப்படி இரண்டு கலமும் ஒரே கணத்தில் கிளம்ப வேண்டும். ஒரே அளவு வேகம் கூட்ட வேண்டும். இம்மியும் கூடவோ குறையவோ கூடாது.

இதைக் காவல் காக்க ஒரு பெட்டியும் செய்து கொடுத்தார்கள். அதன் பெயர் சமன்பொறி. வடத்தின் நட்டநடுவே உள்ள கூடத்தில் அதை வைத்தோம். எந்தக் கலமாவது நினைத்துப் பார்க்க முடியாத அளவு கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ அதே நொடியில் திருத்திவிடும். அதற்கு மூன்று சாவி. மேல்தளத் தலைவர் அம்பலவாணனிடம் ஒன்று, பேச்சித்தாயிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. நிறுத்த வேண்டுமானால் மூன்று சாவியும் வேண்டும். திரும்ப ஓடவிட ஏதாவது ஒரு சாவி போதும், சந்தேகப்பட்டவர் யாரானாலும் உடனே போட்டுக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு தரப்பும் கை தட்டியது. எனக்குச் சால்வைகூடப் போர்த்தினார்கள்.

அந்தப் பெருமையோடு நானும் கூடவே கிளம்பினேன்.

இருநூற்று ஐந்தாம் நாள் காலையில் வடத்தின் தண்ணீர்க்குழாய் ஒரு மூட்டில் பிளந்தது. எஞ்சின் தந்த எடை எங்களுக்குப் பூமியில் இருப்பதில் பத்தில் ஒன்றுதான் என்பதால் தண்ணீர் அவசரமில்லாமல் கொழகொழவென்று இறங்கியது. மூட்டை அடைத்தார்கள். மேல்தளத்தார் குழாய் மட்டமான சரக்கு என்றார்கள். கீழ்தளத்தார், பின்னாலிருந்து இழுக்கிறார்கள், நாங்கள்தான் அப்போதே சொன்னோமே என்றார்கள். மத்தியானம் வடத்தின் பொறியாளர் கதிரேசன் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான். முப்பத்தாறு வயது, அம்பலவாணனுக்குச் சொந்த அக்கா மகன், அதிகம் பேசாதவன். வடத்தை அளந்து பார்த்தேன், இருபத்தொரு மீட்டர் நீண்டிருக்கிறது, இருபத்துநாலு தாண்டினால் அறுந்துவிடும் என்றான். பதினைந்து நாள் இருக்கிறது.

அறுந்தால் என்ன ஆகும் என்று அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முன்கலத்தில் ஆறு நாளைக்குத் தண்ணீர் இருந்தது. பின்கலத்தில் நாற்பது நாளைக்குத் தானியம் இருந்தது. முன்னால் தாகத்தில் சாவார்கள், பின்னால் பசியில் சாவார்கள்.

இரண்டு கலமும் ஒன்றுபோலத்தானே போகின்றன, பிறகு எப்படி இடைவெளி கூடும் என்று கேட்டேன்.

"துறைமுகத்துல நின்னு பாத்தா கூடவே இல்லம்மா. இன்னைக்கும் பன்னெண்டு கிலோமீட்டர்தான். வில்லங்கமே அதுதான். ஓடுற பொருள், நின்னு பாக்குறவனுக்கு ஓடுற திசையில கொஞ்சம் குறுகும். வடமும் குறுகணும். ஆனா ரெண்டு நுனியையும் பிடிச்சுக்கிட்டு, ஒரு விரக்கடைகூடக் கிட்ட வரக்கூடாதுன்னு நம்ம பெட்டி காவல் நிக்குது. குறுக வேண்டியதைக் குறுக விடலன்னா விறைக்கத்தானே செய்யும்?"

"குறுகுறது பாக்குறவன் கண்ணுக்குத்தானே? எவனோ ஒருத்தன் கண்ணுக்காக வடம் எதுக்கு அறுந்துபோகணும்?"

இதே கேள்விக்குத் தேர்வில் தானும் தப்பாகத்தான் எழுதினேன் என்று லேசாகச் சிரித்தான். "நாம உள்ள இருந்து பாத்தா குறுகலே கிடையாது. முன்னால போறவங்க கொஞ்சம் கொஞ்சமா நம்மை விட்டு விலகிப் போறாங்க, அவ்வளவுதான் தெரியும். ஓடுற மின்னூட்டத்தைப் பக்கத்துல நின்னு பாக்குறவன், அது காந்தம் மாதிரி இழுக்குதும்பான். கூடவே ஓடுறவன், காந்தம் எங்க இருக்கு, வெறும் மின்சாரந்தானேம்பான். பக்கத்துல உள்ள கம்பி ரெண்டு பேருக்கும் நகரத்தான் செய்யும். காரணம் ஆளுக்கு ஆள் மாறும்மா. அறுந்துபோறது மாறாது."

சரி, என்ன செய்தால் அறுந்துபோகாது என்றேன். முன்கலம் பின்கலத்தைவிட ஒரு துளி குறைவாக வேகம் கூட்ட வேண்டும் என்றான். எவ்வளவு துளி? பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதைக்கூட நாம் ஒன்றும் செய்ய வேண்டாம், பெட்டியை நிறுத்தினால் போதும், வடமே முன்கலத்தைப் பிடித்து அந்தத் துளியைக் குறைத்துக்கொள்ளும் என்று விளக்கினான். இப்போது வடம் அப்படிப் பிடிக்கும்போதெல்லாம் பெட்டி அதைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டு திருத்திவிடுகிறது. பெட்டிக்கு அப்படித்தான் உத்தரவு. உத்தரவு என்னுடையது.

முன்கலம் என்றால் கீழ்தளத்தார். நாற்பது வருடம் அடிவாங்கிச் சமம் என்ற சொல்லைச் சம்பாதித்தவர்களிடம், மேல்தளத் தலைவரின் மருமகன் போய், நீங்கள் சமமாக இருந்தால் வடம் அறுந்துவிடும், கொஞ்சம் குறைவாக இருங்கள், விஞ்ஞானம் அப்படிச் சொல்கிறது என்று சொல்ல வேண்டும். நானாக இருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன்.

கதிரேசனுக்கும் அது தெரிந்திருந்தது. அதனால் வேறு வழி ஒன்று யோசித்து வந்திருந்தான். முன்கலத்தின் அளவீட்டில் ஒரு எண்ணை மாற்றிவிடலாம், பெட்டி சமம் என்றே காட்டும், உள்ளுக்குள் அவர்கள் அந்தத் துளி குறைவாகப் போவார்கள். எண்ணை மாற்ற என் முத்திரை மட்டும் போதும். யாருக்கும் தெரியாது, யாருக்கும் எதுவும் குறையாது என்றான். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, எடுத்தேன்.

ஆனால் அப்படி ஒரு முத்திரையை நான் ஏற்கெனவே போட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கீழ்தளத்துக் காற்று மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்படி திருத்திய தாள் ஒன்று என் மேசைக்கு வந்தது. மேலதிகாரி கண்ணைக் காட்டினார், போட்டேன். அந்த வருடம் மூச்சு முட்டிச் செத்தவர்களில் பேச்சித்தாயின் அண்ணனும் ஒருவன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அவமானமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. முத்திரையை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு, வா, அவளிடமே போய்ச் சொல்வோம் என்று கதிரேசனை இழுத்துக்கொண்டு முன்கலத்துக்குப் போனேன்.

பேச்சித்தாய் கீரைப்பாத்தியில் குனிந்து பூச்சி பிடித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, ஒடிசலான உடம்பு. கதிரேசன் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள். பூச்சிகளை ஒரு டப்பாவில் போட்டு மூடினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"எங்க அப்பா காலத்துல, நீங்க முதல்ல வடத்தைத் தொட்டா தேர் சாய்ஞ்சிரும்னாக. என் காலத்துல, காத்து முதல்ல கீழ வந்தா குழாய் வெடிச்சிரும்னாக. அதையும் ஒரு இஞ்சினியர்தான் வந்து சொன்னாரு, கணக்கெல்லாம் போட்டு. இப்ப நீங்க வந்திருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் காரணம் மட்டும் நல்லாத்தான் இருக்கு, தம்பி."

கதிரேசன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். குழாய் வெடித்துவிடும் என்று எழுதிய தாளும் எங்கள் அலுவலகத்திலிருந்து போனதுதான்.

அவள் எங்களை விரட்டவில்லை. நடந்தே வடத்துக்குள் வந்தாள். மூட்டு மூட்டாகத் தடவிப் பார்த்தாள். முன்பு விரல் நுழையாத இடத்தில் இப்போது இரண்டு விரல் நுழைந்தது. அபத்தமான கேள்வி என்று ஒன்றும் அவளுக்குக் கிடையாது, மனதில் பட்டதையெல்லாம் கேட்டாள். அண்டவெளி விரிந்துகொண்டே போகிறதாமே, நடுவில் இருக்கும் அந்த வெளிதான் விரிகிறதா என்றாள். அது கோடானுகோடி நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே நடப்பது, இந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரை அது தொடாது, இங்கே வெளி மேல் பழி போட வழியில்லை என்றான் கதிரேசன். பெட்டி யாருடைய கண்ணுக்குச் சமம் பார்க்கிறது என்று கேட்டாள். துறைமுகத்தில் நிற்பவர் கண்ணுக்கு என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"நாங்க கேட்டது அவங்களோட சமமா இருக்கணும்னு, ஆபீசரம்மா. துறைமுகத்துல நிக்கிறவன் பாத்து மெச்சணும்னு இல்ல. அவன்தான் நம்ம கூட வரவே இல்லையே."

பதினோரு அமர்வில் யாருக்கும் தோன்றாத விஷயம் அது. நான் சமம் என்று எழுதியது என் நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரிகிற சமம். அந்த நாற்காலியோ பல ஆயிரம் கோடி கிலோமீட்டருக்குப் பின்னால் கலிஸ்டோவில் கிடந்தது.

திரும்பி நடக்கும்போது அவள் இன்னொன்று கேட்டாள். "போய்ச் சேரணும்னா நிக்கணும்லா? நிக்கப் போறப்ப என்ன நடக்கும்?"

ஒன்பது வருடம் முடிந்ததும் இரண்டு கலமும் அதனதன் இடத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ளும், வடம் அப்படியே இருக்கும், எஞ்சின் எதிர்த்திசையில் தள்ளித் தள்ளி ஒன்பது வருடம் வேகத்தைக் குறைக்கும் என்றான் கதிரேசன். சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டான். எஞ்சின் தள்ளுகிற திசையில் எந்தக் கலம் முன்னால் இருக்கிறதோ அதுதான் குறைய வேண்டும். திசை மாறினால் முன்னாலிருப்பது மேல்தளத்தார் கலம்.

"அப்ப அந்த ஒம்பது வருசம் நீங்க குறையணும்."

"ஆமாக்கா."

"உங்க மாமாவுக்கு அது தெரியுமா?"

"தெரியாது."

கொஞ்ச நேரம் மூன்று பேரும் நடந்தோம். அவள் தன் சாவியைத் திருப்பத் தயார் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை, திரும்பும் சங்கதி எங்கள் மூன்று பேரை விட்டு வெளியே போகக்கூடாது. அம்பலவாணனுக்குத் தெரிந்தால் சாவியைத் தொடமாட்டார். நிறுத்திய பிறகு தெரிந்தாலும் ஆபத்துதான், திரும்ப ஓடவிட அவர் சாவி ஒன்றே போதும். இதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். ஒரு தரப்புக்குத் தெரிந்ததை மறு தரப்புக்கு மறைப்பது என் வேலைக்கே துரோகம். முத்திரை போடமாட்டேன் என்று பெரிய மனுஷியாக வந்தவள் வாயை மூடிக்கொள்ளச் சம்மதித்தேன். கதிரேசன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அம்பலவாணனிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் பயத்தைவிட வேறொன்றுதான் முதலில் தெரிந்தது. கீழ்தளம் குறைய வேண்டும் என்ற வார்த்தையை என்னை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டார். உடனே வாருங்கள், நாள் போகிறது என்றேன். சபையைக் கூட்ட வேண்டும் என்றார். கூட்டினார். மறுநாள் மறுபடி கூட்டினார். பிறகு நாள் நல்லதாக இல்லை என்றார். வடத்தில் இன்னும் இரண்டு மூட்டுகள் பிளந்தன. காவலுக்கு உள்ளே இருந்த பதினான்கு பேரை வெளியேற்றினேன். இரவுபகலாக ஒரு முனகல் சத்தம் குழாய் முழுக்க ஓடி, இரண்டு கலத்தின் சுவர்களிலும் கேட்டது. குழந்தைகள் அதைப் போலவே முனகி விளையாடத் தொடங்கினார்கள்.

இருநூற்றுப் பதினாறாம் நாள் காலையில்தான் அவர் நடுக்கூடத்துக்கு வந்தார். அளவு இருபத்து மூன்றைத் தாண்டியிருந்தது. தேர் இழுக்க வருவதுபோல வேட்டி, துண்டு, நெற்றி நிறைய விபூதி. பின்னால் கதிரேசன். பேச்சித்தாய் தனியாக வந்திருந்தாள்.

ஒப்பந்தத்தின் நாலாவது பிரிவுப்படி அவர் அவளை 'நீங்கள்' என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் வராததால் இருநூறு நாளாக யாரையும் குறிப்பிடாமலே பேசிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கும் சுவரைப் பார்த்து, உட்காரலாமே என்றார். அவள் உட்காரவில்லை.

சாவியைத் திருப்ப அவருக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. எழுதிக்கொண்டே வந்திருந்தார், நான் வாங்கிப் படித்தேன். முன்கலம் தானே முன்வந்து குறைவை ஏற்றுக்கொள்கிறது, இனி சமம் கேட்பதில்லை என்று இரண்டு கலத்திலும் ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டும். அதைப் பேச்சித்தாயே தன் குரலில் வாசிக்க வேண்டும்.

இதைக் கிழித்துப் போடப் போகிறேன் என்று நினைத்த கணத்தில் அவள் என் கையிலிருந்து தாளை வாங்கினாள். ஒருமுறை வாசித்தாள். சரி என்றாள். கூடத்தின் ஒலிவாங்கி முன் நின்று, தடுமாறாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல் வாசித்தாள். வாசித்து முடிந்ததும் முன்கலத்துப் பக்கமிருந்து குழாய் வழியே ஒரு கூச்சல் வந்தது. அது வடத்தின் முனகல் இல்லை. அவளுடைய சனங்கள்.

சாவியைத் துளையில் நுழைத்த அம்பலவாணன் சட்டென்று நிறுத்தினார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. மருமகனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏலே கதிரேசா, போய்ச் சேர்ற வரைக்கும் இது இப்படியேதானல? கடைசி வரைக்கும் அவங்கதான குறையணும்?"

நடுக்கூடத்தில் நான்கு பேர். ஒரு மூட்டு எங்கேயோ டப்பென்று தெறித்தது. கதிரேசன் பேச்சித்தாயைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மாமா தூக்கி வளர்த்த பிள்ளை அவன். படிக்கவைத்ததும் அவர்தான். சொல்லிவிடுவான் என்றே நினைத்தேன்.

"இனிமே வடம் கேக்குறதுதான் மாமா நடக்கும்," என்றான். "அதை நம்ம யாரும் மாத்த முடியாது."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தனக்குச் சாதகமாக முடிந்த விஷயத்தை யார் தோண்டிப் பார்ப்பார்கள்? சாவியைத் திருப்பினார். அவள் திருப்பினாள். நான் திருப்பினேன். பெட்டியின் விளக்கு அணைந்தது. முனகல் உடனே நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. சாயங்காலம் அளந்தபோது வடம் சுருங்கத் தொடங்கியிருந்தது. கதிரேசன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான்.

மேல்தளத்தார் அன்று லட்டுப் பிடித்து விநியோகித்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது, வாங்கவில்லை.

பேச்சித்தாய் முன்கலத்துக்குள் நுழைந்தபோது யாரும் வழிவிடவில்லை. அன்றே தலைமையிலிருந்து இறக்கினார்கள். நாற்பது வருடப் போராட்டத்தை நாற்பது வரியில் விற்றவள் என்று அவள் வீட்டுக் கதவில் எழுதினார்கள். அவள் மகள் மாடத்தி, அம்மாவோடு சிறைக்குப் போனவள், தட்டை எடுத்துக்கொண்டு வேறு வீட்டில் போய்ச் சாப்பிட்டாள். நான் போய் மாடத்தியிடமாவது சொல்கிறேன் என்றேன். மாடத்திக்குச் சொன்னால் அவள் புருஷனுக்குத் தெரியும், அவனுக்குத் தெரிந்தால் முன்கலம் முழுக்கத் தெரியும், அடுத்த வேளைச் சாப்பாட்டு வண்டியோடு பின்கலத்துக்கும் போய்விடும் என்று பேச்சித்தாய் தடுத்துவிட்டாள். கீரைப்பாத்தி வேலை மட்டும் அவளுக்கு மிஞ்சியது. ஒலிபெருக்கியில் வேறு எந்தக் குரல் கேட்டாலும் பிள்ளைகள் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஒன்பது வருடம் போயிற்று. கலங்கள் முகம் திருப்பிய அன்று காலை முழுக்க நான் பெட்டியின் பக்கத்திலேயே நின்றேன். யாரும் வரவில்லை. எஞ்சின்கள் மறுபடி முழங்கின. பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கை வடம் இந்த முறை மேல்தளத்தாரிடமிருந்து எடுத்துக்கொண்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை, தெரிய வழியும் இல்லை. அம்பலவாணன் அப்போது படுக்கையில் இருந்தார், சாவி அவர் மகன் கழுத்தில் தொங்கியது. அவன் அப்பாவைவிட முரடன்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப் போய்ப் பாத்தியில் அவளைப் பிடித்தேன். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது, இன்றைக்கே ஒலிபெருக்கியில் நானே சொல்கிறேன், உன் சனங்கள் உன் காலில் வந்து விழட்டும் என்றேன். அறுபத்தோரு வயதில் அவளுக்குப் பார்வை மங்கியிருந்தது. என் குரல் வந்த பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"சொன்னா அவன் சாவியைப் போட்டுருவான்லா, ஆபீசரம்மா. நிக்க இன்னும் ஒம்பது வருசம் இருக்கு."

நான் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். கணக்கு அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. வடத்துக்குள் நடந்துகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டாளே, அப்போதே பதினெட்டு வருடத்தையும் சேர்த்துத்தான் சம்மதித்திருக்கிறாள். எனக்குத்தான் ஒன்பதோடு முடிந்துவிட்டதாக நினைப்பு.

அன்று அவளிடம் காற்று மீட்டரைப் பற்றிச் சொன்னேன். அண்ணன் பெயரைச் சொல்லி, முத்திரை என்னுடையது என்றேன். அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு, போயிட்டு நாளைக்கு வாங்க என்றாள். மறுநாள் போனேன். உட்காரச் சொல்லி, கீரை ஆயக் கொடுத்தாள். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பதினான்காம் வருடம் அவள் போகும்வரை தினமும் போனேன். அடக்கத்துக்கு நான்கு பேர் வந்தோம். கதிரேசன் பின்கலத்திலிருந்து வந்ததைப் பார்த்து, அவள் யாருக்கு ஆள் என்பது இப்போதாவது தெரிந்ததே என்று கீழ்தளத்தார் பேசிக்கொண்டார்கள். மாடத்தி தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு எழுபத்து மூன்று ஆகிறது, தரையைப் பார்க்கமாட்டேன். இதை எழுதி, ஒட்டி, எஞ்சின்கள் அணைந்த பிறகு இரண்டு தளத்தாரையும் ஒன்றாகக் கூட்டிவைத்துப் படிக்க வேண்டும் என்று சொல்லிக் கதிரேசனிடம் கொடுக்கிறேன். அவன் படித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், இறங்கிவிட்டீர்கள். காலுக்குக் கீழே மண் இருக்கிறது. வடம் அறுந்துபோகவில்லை.

மேல்தளத்தாரே, நீங்களும் ஒன்பது வருடம் குறைந்துதான் வந்திருக்கிறீர்கள். கீழ்தளத்தாரே, உங்கள் சமத்தை யாரும் விற்கவில்லை. மாடத்தி, நீ கூட்டத்தில் எங்கே நின்றுகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா அந்தத் தாளை வாசித்த பிறகு, நடுக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மாடத்தி இன்னைக்குச் சாப்பிட்டிருப்பாளா என்று.